ஆயிரம் ஓட்டத்துக்கு எத்தனை: விக்டோரியா தடைப் பந்தய எதிர்ப்பு நாட்குறிப்பு

மார்ச் 8

விக்டோரியாவில் தடை தாண்டும் குதிரைப் பந்தயப் பருவம் வந்துவிட்டது. இனி ஆகஸ்ட் வரை ஓட்டம்தான். ஆஸ்திரேலியாவில் இது இன்னும் நடக்கிற ஒரே மாநிலம் இது.

இந்த ஆண்டுக்கான பதிவேடு தயார். தேதி, மைதானம், ஹர்டிலா ஸ்டீப்பிள்சேஸா (தடைப் பந்தயத்தின் இரு வகைகள்), தூரம், தரை எண், ஓடியவை, முடித்தவை, விழுந்தவை, ஜாக்கியைத் தவறவிட்டவை, பாதியில் நிறுத்தப்பட்டவை, இறந்தவை என்று கட்டங்கள். தரை எண் என்பது 1 முதல் 10 வரை. எண் ஏற ஏற ஈரம் கூடுகிறது. 8 முதல் கனத்த சேறு.

புதிதாக வருகிறவர்கள் இறந்தவை கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை குதிரை ஓடியது என்று தெரியாத சாவுக்கணக்கை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும்.

மார்ச் 15

அடிப்படை எண்கள் இரண்டு. ஓட்டம் என்பது ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஒருமுறை ஓடுவது. 1989 முதல் 2004 வரை விக்டோரியாவில் நடந்த பந்தயங்களை அலசிய கால்நடை மருத்துவ ஆய்வில், தடையில்லாத பந்தயத்தில் 1000 ஓட்டத்துக்கு 0.44 சாவு. தடைப் பந்தயத்தில் 8.3. ஏறத்தாழ 19 மடங்கு.

மேடையில் பேசும்போது இதை இப்படிச் சொல்லலாம்: தடைப் பந்தயத்தில் 120 ஓட்டத்துக்கு ஒரு குதிரை. அதே விகிதத்தில் ஒரு குதிரை பத்து முறை ஓடினால், பத்தாவது ஓட்டம் முடிவதற்குள் அது செத்திருக்க வாய்ப்பு சுமார் 8 சதவீதம். 10 தரம் 0.83 என்று பெருக்கி 8.3 என எழுதக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பிழைக்கும் வாய்ப்பான 0.9917ஐப் பத்து முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விடையில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் கணக்குத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அந்தச் சின்னப் பிழையோடு நம் முழுப் பேச்சும் போய்விடும்.

எண்ணைச் சொல்லும்போது ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்குப் பிறகு தடைகளும் விதிகளும் மாறியிருக்கின்றன. பழைய எண்ணை இன்றைய எண்போலக் காட்டுவது பொய்.

மார்ச் 29

பந்தயம் முடிந்ததும் ஸ்டூவர்டுகளின், அதாவது பந்தயத்தை மேற்பார்க்கும் அதிகாரிகளின், அறிக்கை வெளியாகும். ஒவ்வொரு குதிரைக்கும் ஓரிரு வரி. அதை வாசிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். 'விழுந்தது' வேறு, 'ஜாக்கியைத் தவறவிட்டது' வேறு. இரண்டாவதில் குதிரை நின்றபடியே இருக்கலாம். 'நிறுத்தப்பட்டது' என்றால் ஜாக்கி தானாக ஓட்டத்தை விட்டிருக்கிறார். அதன்பின் மருத்துவப் பரிசோதனை வரி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னங்காலில் நொண்டல் என்றிருந்தால், அந்தக் குதிரையின் பெயரைத் தனித் தாளில் எழுதி, அடுத்த மூன்று மாதம் அது எங்காவது ஓடுகிறதா என்று தேடுங்கள்.

அறிக்கைக்கு வெளியேயும் சாவு உண்டு. பந்தயத்துக்கு முன் தகுதிச் சோதனை ஓட்டம் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. அங்கே கால் முறிந்தால் பந்தய நாள் கணக்கில் அது ஏறாது. லாயத்துக்குத் திரும்பி நாலு நாள் கழித்துக் கருணைக்கொலை ஊசி போட்டாலும் அதே கதைதான். இவற்றுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஒளிப்பதிவைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்க்கும்போது, விழுந்த இடத்தை முதலில் பார்க்காதீர்கள். தடைக்கு முன்னால் குதிரை எடுத்துவைக்கும் கடைசி நாலு எட்டைப் பாருங்கள். எட்டு குறுகிக்கொண்டே வந்தால் குதிரை தடைக்கு மிக அருகில் போய்க் கால் தூக்குகிறது. மார்போ முழங்காலோ தட்டும். எட்டு நீண்டால் தொலைவிலிருந்தே தாவுகிறது. பின்னங்கால் மாட்டும். களைத்த குதிரைக்கு இந்த இரண்டும் கடைசிக் கட்டத் தடைகளில் வரும்.

ஏப்ரல் 12

'கால் முறிந்தால் கட்டுப்போட முடியாதா?' எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ. முழு வேகத்தில் ஓடும்போதே ஒற்றை முன்னங்கால் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. தடை தாண்டி இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது ஒரு முன்னங்கால் மட்டும்தான். அந்த நொடியில் குளம்புக்கு மேலிருக்கும் மூட்டு ஏறக்குறையத் தரையைத் தொடும் அளவுக்குப் பின்னால் மடங்கும். அதைத் தாங்கிப் பிடிப்பது காலின் பின்புறமுள்ள தசைநாண். வேக ஓட்டத்தில் அதன் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடாகும் என்று அளந்திருக்கிறார்கள். அந்த வெப்பத்திலும் இழுப்பிலும் நார்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரு தடையில் மொத்தமும் விடும்.

எலும்பு சிதறிவிட்டால் பல மாதம் மூன்று காலில் நிற்க வேண்டும். குதிரையால் நாள்கணக்கில் படுத்திருக்க முடியாது. எடை முழுக்க மாற்றுக்காலில் விழ, அந்தக் குளம்புக்குள் இருக்கும் மென்திசு அழற்சி கண்டு எலும்பிலிருந்து பிரியத் தொடங்கும். முறிந்த கால் தேறுவதற்குள் நல்ல கால் அழிந்துவிடும். அதனால்தான் மைதானத்திலேயே திரை கட்டிவிட்டு ஊசி போடுகிறார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கும் மருத்துவரைக் குற்றம் சொல்லி நாம் ஒரு வரிகூட எழுதக்கூடாது. அவர் செய்வதுதான் அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே கருணை.

ஏப்ரல் 19

'தடைகளை மெத்தென்று மாற்றிவிட்டோம்' என்று பந்தயத் தரப்பு சொல்லும் பதிலுக்கு எதிர்வாதம். மாற்றம் நல்லதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிரிட்டனில் தடையின் ஆரஞ்சு நிறக் கட்டையை 2022 முதல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் புல்லின் பச்சையிலிருந்து வெள்ளை அளவுக்கு எடுப்பாகத் தெரிவதில்லை என்று எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எத்தனையோ ஆண்டுகளாகக் குதிரைக்குச் சரியாகத் தெரியாத கட்டையைத் தாண்டச் சொல்லியிருக்கிறார்கள்!

ஆனால் மெத்தை, தட்டும் அடியைத்தான் குறைக்கும். இறங்கும் காலில் விழும் சுமையைக் குறைக்காது. தடையைத் தாழ்த்தினால் குதிரைகள் இன்னும் வேகமாக வந்து தாண்டும். வேகமாக விழும் குதிரைக்கு அடியும் பலம்.

ஏப்ரல் 26

வார்னம்பூல் ஊரின் பந்தயத் திருவிழா நெருங்குகிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று நாள். கடைசி நாள் கிராண்ட் ஆனுவல் ஸ்டீப்பிள்சேஸ்: 5500 மீட்டர், 33 தடை. 1872 முதல் நடக்கிறது. ஊருக்கு அது பெருமை. ஓட்டல், டாக்சி, கடைகள் எல்லாம் அந்த மூன்று நாளை நம்பியிருக்கின்றன. அந்த ஊர்க்காரரிடம் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசினால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

வாசலில் நிற்பவர்களுக்கு: விசில், ஒலிபெருக்கி, டிரோன், காற்றில் படபடக்கும் துணி எதுவும் குதிரைகளை ஏற்றிவரும் வண்டிகளின் பாதையில் வேண்டாம். பதாகையை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். மிரண்ட குதிரை தன்னையும் காயப்படுத்தும், பக்கத்தில் நிற்பவரையும் காயப்படுத்தும். 2011இல் இதே மைதானத்தில் ஜாக்கியில்லாமல் ஓடிய ஒரு குதிரை வேலி தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்து 7 பேர் காயப்பட்டார்கள். லாயத்து வேலைக்காரர்களிடம் வாய் வார்த்தை கூடாது. அந்தக் குதிரையை நம்மைவிட நெருக்கமாக நேசிப்பவர்கள் அவர்கள்.

மே 10

கடிதம் எழுதும் வாரம். விக்டோரியாவில் வாக்குள்ள ஒவ்வொருவருக்கும் கீழவையில் ஒருவர், மேலவையில் தம் மண்டலத்துக்கு ஐவர் என்று ஆறு உறுப்பினர்கள். ஆறு கடிதம். டாண்டினோங் பக்கத்துத் தமிழர்களும் எழுதலாம், தடைப் பந்தயம் கண்ட சாண்டவுன் மைதானம் பக்கத்து ஸ்பிரிங்வேலில்தான் இருக்கிறது. ஒரே அச்சுக் கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அலுவலகத்தில் அதை ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் போதும். ஒரே ஓர் எண், ஒரே ஒரு கேள்வி. முகவரி கட்டாயம், தொகுதிக்காரர் என்று தெரிய வேண்டும்.

சேர்க்க வேண்டிய வரலாறு: 1991இல் ஆஸ்திரேலிய செனட் குழு, மூன்றாண்டுக்குள் இதைப் படிப்படியாக முடிக்கச் சொன்னது. நியூ சவுத் வேல்ஸ் 1997இல் சட்டம் போட்டு நிறுத்தியது. டாஸ்மேனியாவில் 2007இல், கட்டுப்படியாகவில்லை என்று நின்றுபோனது. தென் ஆஸ்திரேலியாவில் 2021இல் பந்தய அமைப்பே கைவிட்டது, 2022இல் சட்டமும் வந்தது. அங்கே ஓக்பேங்க் ஊரின் ஈஸ்டர் பந்தய விழா தடையில்லாத பந்தயங்களோடு தொடர்கிறது. வார்னம்பூல்காரரின் கவலைக்கு நம்மிடம் உள்ள சிறந்த பதில் இதுதான்.

விக்டோரியாவிலும் ஒருமுறை முடிவு வந்தது. 2010 பருவத்தோடு சரி என்று 2009 நவம்பரில் பந்தய அமைப்பு அறிவித்தது. 2010 ஜனவரியிலேயே அந்த முடிவைத் தளர்த்தி, அதே ஆண்டு செப்டம்பரில் தொடர்வதென்று முடித்தது. அறிவிப்பு வந்ததும் நம் பக்கம் கலைந்துவிட்டது, எதிர்த்தரப்பு கலையவில்லை. ஆகவே கடிதத்தில் கேட்பது சட்டம். அமைப்பின் வாக்குறுதியை அந்த அமைப்பே திரும்பப் பெறலாம்.

ஜூன் 7

'இந்தப் பருவத்தில் ஒரு சாவும் இல்லை' என்று சொல்லும் நாள் வரலாம். வந்தால் மனமார மகிழுங்கள், பிறகு கணக்கைச் சொல்லுங்கள். 500 ஓட்டத்தில் சாவே இல்லையென்றாலும் உண்மை விகிதம் 1000க்கு 6 வரை இருக்க இடமுண்டு. 3ஐ ஓட்ட எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும். புள்ளியியலில் எல்லோரும் ஏற்ற விதி இது. அதேபோல ஒரே வாரத்தில் மூன்று சாவு வந்தால் 'விகிதம் ஏறிவிட்டது' என்று நாமும் கத்தக்கூடாது. ஐந்தாண்டு எண்ணிக்கையைச் சேர்த்தே பேசுங்கள்.

ஜூன் 21

'நிறுத்தினால் இந்தக் குதிரைகளின் கதி என்ன?' தடையில்லாப் பந்தயத்தில் வேகம் போதாதவைதான் பெரும்பாலும் இங்கே வருகின்றன, ஆகவே இது அவற்றுக்கு இரண்டாம் வாழ்வு என்கிறார்கள். நம் கோரிக்கை வரிசையாக இருக்கட்டும். முதலில் புதுக் குதிரைகளுக்குத் தகுதிச் சோதனை ஓட்டம் நிறுத்தப்பட வேண்டும். ஏற்கெனவே தகுதி பெற்றவற்றின் பெயர்ப் பட்டியல் வெளியாக வேண்டும். தடைப் பந்தயப் பரிசுப் பணத்திலிருந்து ஒரு பங்கு, பந்தயம் விட்ட குதிரைகளுக்கு மறுபயிற்சி தந்து வீடு தேடும் திட்டத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு குதிரையும் எங்கே போனது என்பது ஐந்தாண்டு பதிவாக வேண்டும். சவாரி, போனி கிளப், சும்மா புல்வெளி, எதுவானாலும் சரி.

காஸ்டர்டன் மைதானத்தின் ஸ்டூவர்டு அறிக்கைகளை இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை. 'நிறுத்தப்பட்டது' வரிகளை இருவர் தனித்தனியாக வாசித்து, ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுங்கள்.