80 வாட் ரிசீவரும் 4 ஓம் டவர் ஸ்பீக்கரும்

தீபாவளி அன்னைக்கு ராத்திரி எட்டரை மணி இருக்கும். கோலாலம்பூர்ல எங்க வீட்டு ஹால் நிறைய ஆளுங்க, மச்சான் குடும்பம் கிள்ளான்ல இருந்து வந்திருக்கு, புது டவர் ஸ்பீக்கர் ரெண்டும் டிவிக்கு ரெண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு நிக்குது, எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு எனக்கு அவ்ளோ ஆசை. பத்துமலை தைப்பூசத்துல ஃப்ரெண்டு ஒருத்தன் நல்ல மைக் வச்சு ரெக்கார்ட் பண்ண உறுமி மேளம் என்கிட்ட இருக்கு, அதைத்தான் போட்டேன். உறுமித் தோல்ல வளைஞ்ச குச்சியை வச்சுத் தேய்க்கிற அந்த உறுமல் தரையோட வந்து காலுல ஏறுது, பசங்க எல்லாம் வாயப் பொளந்து நிக்கிறாங்க. அப்புறம் எல்லா மேளமும் சேர்ந்து ஒரே அடியா இறங்குற இடம் வந்துச்சு, உள்ள டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான், மொத்தமும் நின்னுபோச்சு. ரிசீவர், அதான் ஸ்பீக்கருக்கெல்லாம் பவர் குடுக்குற ஆம்ப்ளிஃபயர் பெட்டி, அது முகத்துல சிவப்பு லைட்டு மட்டும் மின்னி மின்னி அணையுது.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வந்துச்சு. அதே இடம், மறுபடியும் டிக்.

நாலு மாசம் காசு சேர்த்து வாங்கின ஸ்பீக்கர். எனக்கு அன்னைக்கு சோறே இறங்கல.

மறுநாள் முதல் வேலையா ரிசீவருக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர்ல ஒரு செம்பு இழை பிரிஞ்சு பக்கத்து டெர்மினலைத் தொட்டாக்கூட இப்படிக் கட்டாகும், உங்களுக்கும் இது நடந்தா முதல்ல அதைத்தான் பாருங்க. என்னோடது எல்லாம் முறுக்கி ஒழுங்காத்தான் இருந்துச்சு. சரின்னு பெட்டாலிங் ஜெயாவுல ஸ்பீக்கர் வாங்கின கடைக்கே போனேன், அங்க விக்கிற தம்பி ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு: "ஸ்பீக்கர் 250 வாட், உங்க ரிசீவர் 80 வாட், பத்தாது, பெரிய ரிசீவர் மாத்துங்க, ஏழாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒண்ணு இருக்கு." வாங்கும்போது இதே ரிசீவர் மாடலைச் சொல்லிக் கேட்டேன், பிரச்சனை இல்லன்னுதான் சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

நல்லவேளை, எங்க செந்தூல் பக்கத்துல ஒரு அண்ணன் இருக்காரு, முப்பது வருஷத்துக்கு மேல ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்றவரு, வால்வு செட்டுல இருந்து இப்ப வர்ற மாடல் வரைக்கும் கை வச்சவரு. ஜாலான் ஈப்போ பக்கம் மாமாக் கடையில உக்காந்து தே தாரிக் குடிச்சிட்டே கேட்டேன். அவர் முதல்ல கேட்டது வாட் இல்ல. "தம்பி, ஸ்பீக்கர் எத்தனை ஓம்? சென்சிடிவிட்டி என்ன? நீ எவ்ளோ தூரத்துல உக்காருற?" மூணே கேள்வி. ஓம்ங்கிறது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டுற தடை, அது குறைஞ்சா இழுக்கிற கரண்ட் கூடும்; சென்சிடிவிட்டிங்கிறது இவ்ளோ வோல்ட் குடுத்தா எவ்ளோ சத்தம் வரும்ங்கிறது. நான் ஃபோன்ல ஸ்பெக் ஷீட்டை எடுத்துக் காட்டினேன்: 88 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர், நாமினல் 4 ஓம், குறைஞ்சபட்சம் 3.2 ஓம், பொருத்தமான ஆம்ப்ளிஃபயர் 40ல இருந்து 250 வாட்.

அந்த 250ங்கிறது ஸ்பீக்கர் கேக்குற தீனி இல்லயாம், அதுக்கு மேல ஊத்தினா தாங்காதுன்னு சொல்ற எல்லை. 80 வாட் ஆம்ப்ளிஃபயர் மாட்டினா ஸ்பீக்கர் ஒண்ணும் பட்டினி கிடக்காது. நானும் இத்தனை வருஷமா ஆம்ப் வாட்டும் ஸ்பீக்கர் வாட்டும் சமமா இருக்கணும்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் பில்லைத் திருப்பிப் போட்டு கணக்கு எழுத ஆரம்பிச்சாரு, அந்தத் தாளை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். 2.83 வோல்ட் குடுத்தா 1 மீட்டர்ல 88 டெசிபல். என் சோஃபா 3 மீட்டர், தூரத்துக்கு ஒம்பதரை டெசிபல் கழியும். ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுறதால ஒரு 3 கூடும், சுவர் கூரை எல்லாம் திருப்பி அனுப்புறதுல இன்னொரு 3 வச்சுக்கலாம், ஆக சோஃபால சுமார் 84.5. நாங்க நல்லா சத்தமா கேட்டாலே சராசரி 80தான் வரும், அதுக்கு ஒரு வாட்கூட வேணாம். ஒரு வாட்! எனக்கு நம்பவே முடியல. ஆனா மேளம் அடிச்ச அந்த நொடியில சத்தம் சராசரியை விட 20 டெசிபல் மேல போகும். 3 டெசிபல் ஏறணும்னா பவர் ரெண்டு மடங்கு, 10 ஏறணும்னா பத்து மடங்கு, 20 ஏறணும்னா நூறு மடங்கு. அதனாலதான் சும்மா பேச்சு, செய்தி கேக்கும்போது ஒண்ணும் ஆகாம மேளத்துல மட்டும் விழுந்துச்சு.

100 டெசிபல் உச்சத்துக்கு ஸ்பீக்கர் முனையில கிட்டத்தட்ட 17 வோல்ட் வேணும். என் ரிசீவர் 8 ஓம்ல 80 வாட், அப்படின்னா அது 25 வோல்ட் வரைக்கும் குடுக்கும். அண்ணன் பேனாவை அந்த 25ல வச்சுத் தட்டினாரு. "வோல்டேஜ் இருக்கு பாரு தம்பி. கரண்ட்லதான் அடி வாங்குது." 17 வோல்ட்டை 8 ஓம்ல குடுத்தா ரெண்டு ஆம்பியர் சொச்சம், அதே 17 வோல்ட்டை 4 ஓம்ல குடுத்தா நாலு ஆம்பியருக்கு மேல, ஸ்பீக்கர் 3.2 ஓம்க்கு இறங்குற இடத்துல அஞ்சையும் தாண்டும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல. அவ்ளோ கரண்ட் இழுத்ததும் ரிசீவர் தன்னைக் காப்பாத்திக்க டிக்னு கட்டாயிடுது. ரிசீவர் மேனுவலைப் பார்த்தா 6 ஓம்ல இருந்து 16 ஓம் வரைக்கும்னு தெளிவா போட்டிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும், டெசிபலையும் பேச்சையும் கேட்டுட்டு அந்த ஓம் வரியை நான் பார்க்கவே இல்ல.

இன்னொண்ணும் சொன்னாரு. 88 டெசிபல்னு எழுதியிருக்கே, அது 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓம்ல 2.83 வோல்ட் சரியா 1 வாட், ஆனா 4 ஓம்ல அது 2 வாட். அதனால ஒரு வாட் கணக்குல பார்த்தா என் ஸ்பீக்கர் 85தான். ரெண்டு ஸ்பீக்கர் பக்கத்துல பக்கத்துல வச்சு டெசிபலை மட்டும் பார்த்து எடுக்கும்போது 4 ஓம் ஸ்பீக்கர் இப்படித்தான் நல்லவன் மாதிரி தெரியும். நீங்க யாராவது புது டவர் ஸ்பீக்கர் பார்த்துட்டு இருந்தா தயவு செஞ்சு இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்கோங்க.

பெட்டியில போட்டிருக்கிற வாட் பத்தியும் சொல்லணும். என் ரிசீவர் பெட்டியில பெருசா 7 சேனல் (அதாவது ஏழு ஸ்பீக்கருக்குத் தனித்தனியா), 150 வாட்னு இருக்கு. கீழ பொடி எழுத்துல பார்த்தா 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும் ஓடும்போது. 10 சதவீத டிஸ்டார்ஷன்ங்கிறது காதுக்கு நல்லாவே கேக்குற கிழிசல். மேனுவல்ல இருக்கிற 80 வாட்தான் உண்மைக்குப் பக்கத்துல வர்ற நம்பர்: ரெண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 8 ஓம், 0.08 சதவீதம். இந்த வாட் விளையாட்டு புதுசும் இல்ல, விளம்பரத்துல இஷ்டத்துக்கு நம்பர் போடுறாங்கன்னு அமெரிக்காவுல 1974லயே அதுக்குன்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. ஏழு சேனலும் சேர்ந்து ஓடுனா அந்த 80கூட நிக்காது, ஏன்னா ஏழுக்கும் சேர்த்து உள்ள ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். தூக்கிப் பார்த்தாலே ஓரளவு புரியும், என் ரிசீவர் 9 கிலோ.

வீட்டுக்கு வந்து அண்ணன் சொன்னபடி ஒவ்வொண்ணா செஞ்சேன். முதல்ல சூடு. தீபாவளிக்கு ஹால் அழகா இருக்கணும்னு ரிசீவரை டிவி கேபினட்டுக்குள்ள தள்ளி கண்ணாடிக் கதவை மூடியிருந்தோம், நம்ம ஊர் வெக்கைக்கு அது அடுப்புக்குள்ள வச்ச மாதிரி. ஒரு மணி நேரம் பாட்டு ஓடுனதுக்கு அப்புறம் மேல் தகட்டுல உள்ளங்கையை வச்சேன், மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துட்டேன். வெளிய எடுத்து ரேக் மேல வச்சேன், தலைக்கு மேல ஒரு சாண் இடம், அதுலயே பாதி மாற்றம் தெரிஞ்சுச்சு.

அடுத்து மெனுவுல ஃபிரண்ட் ஸ்பீக்கர் 'லார்ஜ்'னு இருந்ததை 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல வச்சேன். ஆட்டோ செட்டப் மைக் வச்சு ஓடுனப்ப டவரைப் பார்த்து அதுவாவே லார்ஜ்னு போட்டிருச்சு. இவ்ளோ பெரிய ஸ்பீக்கரை ஸ்மால்னு போடுறதான்னு மச்சானுக்கு மனசே ஆறல, நானும் முதல்ல தயங்கினேன், ஆனா அது ஸ்பீக்கர் சைஸைப் பத்தின வார்த்தை இல்ல, 80க்குக் கீழ இருக்கிற அடி பேஸை சப்வூஃபருக்கு (பேஸுக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர்) அனுப்பு, சப்வூஃபருக்குள்ளயே தனி ஆம்ப் இருக்குன்னு ரிசீவருக்குச் சொல்ற உத்தரவு. உறுமி மேளத்துல கரண்டை அதிகமா இழுத்தது அந்த அடி பேஸ்தான். மாத்தின உடனே அதே ரெக்கார்டிங், அதே வால்யூம், நிக்காம முழுசா ஓடுச்சு.

மெனுவுல இம்பீடன்ஸ் செட்டிங்கும் (ஸ்பீக்கர் எத்தனை ஓம்னு சொல்றது) இருந்துச்சு, அதைக் குறைச்சும் பார்த்தேன். சூடு குறைஞ்சது உண்மை, ஆனா அது உள்ள பவரைக் கட்டுப்படுத்தித்தான் குளிர்ச்சியா வைக்குது, மேளத்தோட அடியில இருந்த அறை போயிருச்சு, யாரோ போர்வை போத்தி அடிக்கிற மாதிரி. பை-ஆம்ப் பண்ணு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு சேனலை மாட்டு, ரெண்டு மடங்கு பவர் வரும்னு ஃப்ரெண்டு சொன்னான், ஆனா அதே டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து இன்னும் ரெண்டு வயர் இழுத்தா புது கரண்ட் எங்க இருந்து வரும்?

இதோட நிறுத்தியிருக்கலாம், ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா மேனுவல் 6 ஓம்னு சொல்றப்ப 4 ஓமை மாட்டிட்டு தினம் வால்யூமைப் பார்த்துப் பார்த்துத் திருப்புறதுல எனக்கு நிம்மதி இல்ல. பவர் பத்தாத ஆம்ப்பை முறுக்கினா அலையோட தலை வெட்டுப்பட்டு, அந்தக் கிளிப்பிங்ல போய் அடி வாங்குறது பாவம் ட்வீட்டர்தான், கீச்சு சத்தத்துக்குன்னு ஸ்பீக்கர்ல இருக்கிற சின்ன டிரைவர். சின்ன ஆம்ப்தானே, ஸ்பீக்கரை என்ன செய்யும்னு நினைக்கக்கூடாது.

என் ரிசீவர்ல ஃபிரண்ட் ரெண்டுக்கும் ப்ரீ-அவுட் (வெளிய இருக்கிற ஆம்ப்புக்கு சிக்னலை மட்டும் அனுப்புற சாக்கெட்) இருக்கு, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. விலை கம்மி மாடல்கள்ல பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும், ரிசீவர் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு வாங்குங்க. ரவாங்ல ஒருத்தர் வீடு மாறுறாருன்னு பழைய ஸ்டீரியோ பவர் ஆம்ப் ஒண்ணை விக்கிறாருன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சு, ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம். 8 ஓம்ல 125 வாட், 4 ஓம்ல 200 வாட். அண்ணன் மூடியைக் கழட்டி கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கான்னு விரலால ஒவ்வொண்ணா தடவிப் பார்த்தாரு, அப்புறம்தான் தலையாட்டினாரு. 1,400 வெள்ளி. 17 கிலோ, ரெண்டாவது மாடி வரைக்கும் நான்தான் தூக்கினேன்.

ப்ரீ-அவுட்ல இருந்து ரெண்டு ஆர்சிஏ கேபிள், பவர் ஆம்ப்ல இருந்து 14 கேஜ் வயர் ஸ்பீக்கருக்கு, மைக்கை வச்சு ஆட்டோ செட்டப்பை மறுபடி முதல்ல இருந்து ஓட்டினேன், ஏன்னா பவர் ஆம்ப்போட கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குதுங்கிறது) வேற, பழைய லெவலை அப்படியே விட்டா முன்னாடி ரெண்டும் கத்தும், சென்டர் முனகும். லார்ஜுன்னு மறுபடியும் போட்டிருந்துச்சு, ஸ்மால், 80க்கு மாத்தினேன். இப்ப ரிசீவருக்கு சென்டரும் சரவுண்டும் மட்டும்தான் சுமை, அது எல்லாம் 8 ஓம்.

பொங்கலுக்கு மச்சான் மறுபடி வந்தாரு. வந்த உடனே அந்த உறுமியைத்தான் கேட்டாரு. போட்டேன், மேளம் எல்லாம் சேர்ந்து இறங்குற இடத்துல எங்க அப்பா கையில வச்சிருந்த கிளாஸைக் கீழ வச்சிட்டு நிமிர்ந்து உக்காந்தாரு, முடிஞ்சதும் "இன்னொரு வாட்டி போடுப்பா"ன்னாரு. மூணு தடவை போட்டோம். நடுவுல நான் எழுந்து போய் ரிசீவர் மேல கையை வச்சுப் பார்த்தேன், வெதுவெதுன்னு மட்டும்தான் இருந்துச்சு.