கடற்கரை வீட்டில் எவர்சில்வர் கைப்பிடி

கடலுக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில், திருவான்மியூரில் உள்ள எங்கள் வீட்டு மாடிப்படிக்கு எவர்சில்வர் குழாயால் கைப்பிடி போட்டு ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், அதன் அடிப்பக்கமெங்கும் தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புக் கறை படிந்துவிட்டது. எவர்சில்வரில் 304 என்னும் நல்ல ரகம் என்று சொல்லி விற்ற கடைக்காரர், அன்று குழாயின் மீது ஒரு காந்தத்தை வைத்து, அது ஒட்டவில்லை என்பதையே சான்றாகக் காட்டியிருந்தார். உலோகவியல் படித்த நானும் தலையாட்டிவிட்டு வந்தேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காந்தம் காட்டுவது எஃகின் படிக அமைப்பை மட்டுமே. போதிய நிக்கல் சேர்த்தால் ஆஸ்டனைட் என்னும், காந்தம் ஒட்டாத அமைப்பு நிலைபெறுகிறது. நிக்கல் விலை மிகுந்தது என்பதால், அதில் பாதியைக் குறைத்துவிட்டு மாங்கனீஸையும் நைட்ரஜனையும் சேர்த்தாலும் அதே அமைப்பு கிடைக்கும். 304இல் நிக்கல் 8 விழுக்காட்டுக்குக் குறையாது. அப்படி நிக்கலைக் குறைத்துச் செய்யும் 202 ரகத்தில் 4 முதல் 6 வரைதான், மாங்கனீஸோ 7.5 முதல் 10 வரை. இரண்டிலும் காந்தம் ஒட்டாது. மாறாக, 304 தகட்டை அழுத்திப் பாத்திரமாக்கும்போது அமைப்பு ஓரளவு மாறிவிடுவதால், நல்ல பாத்திரத்தின் விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டுவதும் உண்டு.

துருவைத் தடுப்பது குரோமியம். அது 10.5 விழுக்காட்டைத் தாண்டும்போது, காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்ஸைடுப் படலமாக எஃகின் மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். 1913இல் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்துக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகில் ஏறத்தாழ 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது; நிக்கலை அவர் சேர்க்கவில்லை.

கடற்காற்றில் வரும் குளோரைடு அந்தப் படலத்தின் நலிந்த புள்ளிகளைத் துளைக்கிறது. ஓர் எஃகு இதை எவ்வளவு தாங்கும் என்பதை மதிப்பிடப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குரோமிய விழுக்காட்டுடன், மாலிப்டினம் என்னும் உலோகத்தின் விழுக்காட்டில் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்ட வேண்டும். 304க்கு 18 முதல் 20 வரையும், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உள்ள 316க்கு ஏறத்தாழ 24உம், இருவகைப் படிக அமைப்புகள் கலந்த 2205 என்னும் டூப்ளெக்ஸ் ரகத்துக்கு 35உம் வரும். நாம் காசு கொட்டி வாங்கும் நிக்கலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதற்காக அது வீண் என்றாகாது. எஃகை வளைக்கவும் பற்றவைக்கவும் ஏற்றதாக்குவதும், சில அமிலங்களைத் தாங்கச் செய்வதும் நிக்கல்தான்.

இதே கணக்கின்படி, நைட்ரஜன் மிகுந்த 202கூட 304க்கு ஈடாகத் தோன்றும். ஆனால் மாங்கனீஸ் கந்தகத்துடன் சேர்ந்து நுண்துகள்களாகப் படிவதையும், அரிப்பு பெரும்பாலும் அத்துகள்களின் ஓரத்தில்தான் தொடங்குகிறது என்பதையும் கணக்கு சொல்வதில்லை. கடைந்தெடுக்க எளிதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே கந்தகம் சேர்த்த 303 ரகம் கடற்கரைக்கு ஆகாததும் இதனால்தான். என் குழாயின் துண்டை எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தபோது மாங்கனீஸ் 9ஐ ஒட்டியும், குரோமியம் வெறும் 15ஐ ஒட்டியும் இருந்தன. 304 இருக்கட்டும், 202க்கு வேண்டிய குரோமியம்கூட அதில் இல்லை.

பற்றவைத்த இணைப்புகளில் கறை இன்னும் அடர்த்தியாக இருந்தது. பாடநூல் படித்தவர்கள் உடனே கார்பனைக் குற்றஞ்சாட்டுவார்கள். 425 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், கார்பன் குரோமியத்தைக் கவர்ந்து படிகங்களின் எல்லைகளில் கார்பைடாகப் படியவைக்கும் என்பது உண்மை, 0.03 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இல்லாத 304எல், 316எல் ரகங்கள் அதற்காகவே வந்தன. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் குழாய் விரைவில் ஆறிவிடும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி, பற்றவைப்பின் ஓரத்தில் தோன்றும் நீலமும் பொன்னிறமும் கலந்த தடம்தான். அதன் அடியில் உள்ள மெல்லிய அடுக்கு குரோமியத்தை இழந்திருக்கும்.

இப்போது 316எல் குழாய்க்கு மாற்றியிருக்கிறேன். இம்முறை காந்தத்தை நம்பாமல், ஆலைச் சான்றிதழில் மாலிப்டினத்தின் அளவைப் பார்த்த பிறகே வாங்கினேன். இணைப்புகளை அமிலப் பசை தடவிக் கழுவச் சொன்னபோது, “அந்த நீலம் அழகாகத்தானே இருக்கிறது சார், எதற்கு அழிக்க வேண்டும்?” என்று பற்றவைக்க வந்தவர் கேட்டார்.