ஸ்பிட்டி காஸாவுக்கு 17 இன்ச் டயர் போதும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மணாலியிலிருந்து, ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காஸாவுக்கு ஒரே ஒரு டயரைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு பிக்கப் டிரைவர் பதினான்காயிரம் கேட்டார். டயர் விலை தனி. இது வெறும் ஏற்றுக்கூலி. எப்படியும் காய்கறி ஏற்றிக்கொண்டு வரப்போகிற வண்டிதான். என் மனைவி தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டிப் பேசி ஒன்பதாயிரத்துக்கு இறக்கினாள். அதுவும் கொள்ளைதான்.

டயர், எங்களோடு தன் வண்டியில் வந்த மைத்துனனுடையது. புது எஸ்யூவி, டாப் மாடல், 19 இன்ச் அலாய் சக்கரம். மணாலி–காஸா சாலையில் சத்ரு தாண்டி பாத்தல் போகும் வழியில் ஒரு கூர்ங்கல் டயரின் பக்கச் சுவரை, அதாவது சைடுவாலைக் கிழித்துவிட்டது. தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் பத்து நிமிடத்தில் பஞ்சர் போட்டுவிடலாம். சைடுவால் கிழிந்தால் விவரம் தெரிந்த பஞ்சர் கடைக்காரர் யாரும் கை வைக்க மாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற இடம் அது, ஒட்டுப் போட்டால் நிற்காது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அவனுடைய ஸ்டெப்னியோ ஒல்லி ரகம். எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சாலையில் பதினைந்தே அதிகம்! அதை வைத்துக் குன்சும் கணவாயை உருட்டிக் கடந்து காஸா வந்து சேர்ந்தால், அங்கே பஞ்சர் போட ஆள் இருக்கிறார், 19 இன்ச் டயர் இல்லை.

என் வண்டி 2018 மஹிந்திரா எக்ஸ்யூவி500, மேல் மாடலான டபிள்யூ11. கம்பெனி கொடுத்த டயர் 235/60 ஆர்18. இதே வண்டியின் கீழ் மாடல்களுக்கு 235/65 ஆர்17. கிளம்புவதற்கு முன்பே அந்த 17-க்கு இறங்கிவிட்டேன். கணக்கு எளிதுதான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, சைடுவால் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், இன்ச்சில். போட்டுப் பாருங்கள்: 18-இல் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 141 மி.மீ ரப்பர், 17-இல் கிட்டத்தட்ட 153. ஆனால் டயரின் முழு விட்டம் ஒன்றில் 739, இன்னொன்றில் 737. அதாவது ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வண்டி உயரமும் மாறாது, பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ள 12 மி.மீ ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. மைத்துனனின் 245/55 ஆர்19-இல் இது 135 தான். பெரிய ரிம் ஷோரூமில் நின்று போட்டோ எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கீழ் மாடலுக்குக் கம்பெனியே போடுகிற அளவு என்பதால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிபரில் ரிம் இடிக்குமோ என்ற கவலையும் இல்லை. உங்கள் வண்டிக்கும் இதே வழியில் தேடுங்கள். பிரேக் ஒன்றேயாக இருந்தால், கீழ் மாடலில் எந்த அளவு வருகிறதோ அதுதான் பாதுகாப்பாக இறங்கக்கூடிய எல்லை.

புது அலாய் விலை கேட்டதும் தலை சுற்றியது. நேராகச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள். அதே வண்டியின் பழைய 17 இன்ச் ஒரிஜினல் அலாய் நான்கும் ஒரே கடையில் கிடைத்தன. பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, பெயின்ட் அடித்தால் எதுவும் புதுசுதான். “பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டினால்தான் காசு” என்று நின்றேன். கடைக்காரர் முணுமுணுத்தபடி பக்கத்துக் கடைக்குத் தூக்கிப் போனார். ஒன்று எட்டு போட்டு ஆடியது. அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

டயரில் மட்-டெரெய்ன் பக்கமே போகவில்லை. சென்னையிலிருந்து ஓடுவதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. சேற்றுக்கான பெரிய பட்டன் டயரை அதில் ஓட்டினால் இரைச்சலில் குழந்தைகள் தூங்காது, மழையில் பிரேக்கும் சுமார்தான். லாரி ரகக் கட்டமைப்புள்ள ‘எல்டி’ டயரும் வேண்டாம். கனம் அதிகம், விறைப்பு அதிகம், குடும்ப வண்டிக்குத் தேவையில்லை. நல்ல சாலை, கல் சாலை இரண்டுக்குமான மிதமான ஆல்-டெரெய்ன் போதும். அப்போலோ ஆப்டெரா ஏடி2, யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 இரண்டையும் பார்த்து இரண்டாவதை எடுத்தேன். நான்கும் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. தங்குகிற இடங்களில் ஒரு படி இறங்கி இதை ஈடுகட்டினோம். வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓடுகிறது.

வாங்கும்போது சைடுவாலில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். இரண்டு வருடம் குடோனில் கிடந்ததைத் தள்ளுபடி என்று நீட்டுவார்கள். லோடு இன்டெக்ஸும் முக்கியம்: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். பழைய டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது, அதுவும் ஏழு பேர், மேலே கேரியர் என்று போகிற வண்டியில்.

மைத்துனன் பார்த்ததும், “என்ன மாமா, லாரி டயர் மாதிரி இருக்கு!” என்றான். சிரித்துக்கொண்டேன்.

சண்டிகர் வரை சொல்ல ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டினால் லேசான ரீங்காரம், மைலேஜ் ஒன்று குறைந்தது, டோலுக்குக் கொடுத்ததை நினைத்தால் அழுகை வரும். அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர், ஜம்மென்று போய்விட்டோம். காஸா சாலை பிரியும் கிராம்பு என்ற இடத்தில் திரும்பியதும் சாலை முடிந்தது. அதற்கப்புறம் பாத்தல் வரை ஆற்றங்கரை உருண்டைக் கல்லும் நடுவில் குறுக்கிடும் ஓடைகளும்தான். பனி உருகும் தண்ணீர் மதியத்துக்கு மேல் ஏறிவிடும் என்பதால் மணாலியில் இருட்டோடு கிளம்பிவிட வேண்டும்.

சுரங்கத்தைத் தாண்டியதும் 33-இலிருந்து 27 பி.எஸ்.ஐக்குக் காற்றை இறக்கினேன். குலுங்கல் பாதியானது, கல் மேல் டயர் வழுக்காமல் கவ்வியது. உயரமான சைடுவால் இருந்தால்தான் இப்படி இறக்க முடியும். 19 இன்ச்சில் இறக்கினால் முதல் பள்ளத்திலேயே ரிம் வளையும். அதனால்தான் அவன் முழுக் காற்றோடு வந்தான், கல்லும் விறைப்பாக நின்ற ரப்பரைக் கிழித்தது. காற்றை மறுபடி ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்கட்டும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் நான்கைந்து பி.எஸ்.ஐ கூடுதலாகத் தெரியும். விடியற்காலைக் குளிர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே காலையில், டயர் சூடாவதற்கு முன் அளந்து முடிவெடுங்கள்.

பாத்தல் தாபாவின் ராஜ்மா சாதத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஸ்டெப்னி மாட்டிய கிரீஸ் கையோடு உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் சோறு, நெய்யோடு குழைந்த ராஜ்மா, கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். ஊரில் ராஜ்மாவைத் தொடாத என் பெண் இரண்டாம் தட்டு கேட்டாள். அந்த உயரத்தில், பொருளெல்லாம் லாரியில் வந்து சேர வேண்டிய இடத்தில், அந்த விலைக்கு அப்படிச் சாப்பாடு போடுகிறார்கள். பிக்கப் டிரைவரை அங்கே ஒரு வேளை உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம்.

மைத்துனன் இப்போது அவன் வண்டிக்கு 17 இன்ச் அலாய் தேடிக்கொண்டிருக்கிறான். என்னுடைய 18 இன்ச் நான்கும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. கீறல் இல்லை, ஆட்டம் இல்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், மெஷினில் சுற்றிக் காட்டியே தருகிறேன்.