வேலிக்கு வெளியே அளந்த துண்டு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையின் பிரதேச செயலகம் ஒன்றில் காணிப் பகுதியில் நான் வெளிக்களப் பணி செய்த காலத்தில், சிறிய கத்தோலிக்கக் கிராமம் ஒன்றின் சேமக்காலைக்கு, அதாவது கல்லறை நிலத்துக்கு, ஆவணம் வழங்குமாறு விண்ணப்பம் வந்தது. கிராமப் படத்தில் அந்த இடம் பற்றைக்காடு என்றே குறிக்கப்பட்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ கிடக்கும் நிலத்தை, மறுதலையாக எண்பிக்கப்படும் வரை முடிக்குரியதாகவே கொண்டது; பிணம் புதைப்பதை எவரும் பயிர்ச்செய்கையாகக் கணக்கெடுப்பதில்லை என்பதால், தலைமுறைகளாக அடக்கம் நடந்த மண்ணும் காகிதத்தில் அரச காணியாகவே இருந்தது. சமயத் தேவைக்குக் காணி அளிக்க 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் இடம் தருவதால், வேலை இலகுவானது என்றே நினைத்தேன்.

பங்குத்தந்தையும் கோயில் மூப்பரும் மரக்கிளைகளை நட்டு வளர்த்த கதியால் வேலியைச் சுற்றிக் காட்டினார்கள். சீமெந்துக் கல்லறைகள் மிகச் சில, மற்றவை மண்மேடுகள். மரச் சிலுவைகளை 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி பிடுங்கிச் சென்றுவிட்டது என்றும், ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் திகதி இன்னார் இன்ன மேட்டில் மெழுகுதிரி ஏற்றுகிறார் என்பதைக் கொண்டே அது யாருடையது என அறிவதாகவும் மூப்பர் சொன்னார்.

அளவு நாடாவைச் சுருட்டும்போதுதான் ஒரு பெத்தா, வயதான பாட்டி, வேலிக்கு வெளியே நாகதாளிப் பற்றையைக் காட்டி, "மனே, அங்கால அளக்கல்லையா? எண்ட மூத்த புள்ள அங்கதான் கிடக்கு" என்றார்.

பங்குத்தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். திருமுழுக்குப் பெறாமல் இறந்தோருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்ததால், பிறந்த உடனே இறந்த குழந்தைகளை, குருவானவர் ஆசீர்வதித்து மந்திரித்த மண்ணுக்கு வெளியே புதைத்தார்கள். பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அத்தகைய குழந்தைகளுக்கும் அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் பிறகும் அந்த வேலியை எவரும் பிடுங்கி நட்டிருக்கவில்லை.

நான் எல்லையைக் கேட்டேன். அவர்கள் வேலியைக் காட்டினார்கள். இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டது என் பிழை. என் வரைபடத்தின்படி அந்தத் துண்டு வெற்றுக் காணியாகியிருக்கும். அரச காணிகளைப் பகிர்ந்தளிக்கக் கூடும் அடுத்த காணிக் கச்சேரியில் யாருக்காவது பெர்மிட் கொடுத்திருப்போம். உழவு மெசின் இறங்கியிருக்கும்.

மறுவாரம் மீண்டும் போனேன். இம்முறை வழிகாட்டியவர்கள் பெண்கள். ஆண்களில் பலருக்கு இடமே தெரியவில்லை, தெரிந்தவர்களும் பேச விரும்பவில்லை. அந்தப் பெண்கள் காட்டிய இடங்களில் தடி நட்டு, அவை அனைத்தும் உள்ளடங்கும்படி எல்லையைத் திருத்தி வரைந்தேன்.

மேலதிகாரி எழுத்து ஆதாரம் கேட்டார். அவர் கேட்டது முறைதான். ஆனால், அந்தக் குழந்தைகளின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்கவில்லை. ஆகவே அந்தப் பெண்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக எழுதி, கீழே கையொப்பமோ கைநாட்டோ பெற்று, அவற்றையே கோப்பில் இணைத்தேன்.