ஆளுக்கொரு நேரசூசி

"இடாப்புக் கூப்பிட்ட ரீச்சரைத் தவிர இண்டைக்கு ஒருத்தரும் என்ரை பேரைச் சொல்லேல்லை, அம்மா." பத்தாம் வகுப்பில் சேர்ந்து சில வாரங்களே ஆன மகள், சப்பாத்தைக் கழற்றியபடி இதைச் சொன்னாள். கனடாவின் ஸ்காபரோவில் வீடு, வேலை, பேருந்து, பனிக்கால உடுப்பு எல்லாம் ஓரளவு ஒழுங்காகி, இனி இதுவே எங்கள் ஊர் என்று எண்ணத் தொடங்கியிருந்த வேளையில் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

அவள் கூச்ச சுபாவம் உள்ளவள் அல்லள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்டை இரண்டு பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கு நான்கு பாடங்களாக நடத்துகின்றன. நேரசூசியோ பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கணித வகுப்பில் அருகில் இருந்தவள் மணி அடித்ததும் வேறொரு மாடிக்குப் போய்விடுவாள். பெப்ரவரியில் பருவம் மாறும்போது, அப்போதுதான் சிரித்துப் பேசத் தொடங்கிய முகங்களும் திசைக்கொன்றாகிவிடும். பாடத் தெரிவுக்கு இது நல்ல முறைதான். ஆனால் பதினைந்து வயதில் ஊர் மாறி வந்த பிள்ளை, எந்த வாங்கைத் தன்னுடையது என்று சொல்லும்?

யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்த நாங்கள், பள்ளிக்கூடம் விட்டால் ரியூட்டரி, ரியூட்டரி விட்டால் ஒழுங்கை முகப்பில் சைக்கிளைப் பிடித்தபடி முடிவில்லாத கதை என்று வளர்ந்தோம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டவற்றையும் பயந்தவற்றையும் அங்கேதான் சொன்னோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் ஊரே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது எங்கள் வகுப்பும் சிதறியது; ஆனாலும் கொடிகாமத்தில் மரத்தடியில் வகுப்பு தொடங்கிய நாளில், ஒருத்தியை ஒருத்தி தேடிப் பிடித்து மறுபடி அருகருகே அமர்ந்தோம். அந்த வயதில் என்னை நிமிர்த்தி வைத்தவர்கள் அவர்கள்தான்.

இங்கே உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற 40 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். அதற்காக நூலகத்தில் சிறுவர்களுக்கு வாசிக்க உதவப் போன இடத்தில், எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை மகளுக்குக் கூட்டாளி ஆகியிருக்கிறாள். வேலை முடிந்த பின்னும் இருவரும் பேருந்துத் தரிப்பில் இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டுக் கதைக்கிறார்கள்.

பின்னேரம் முழுவதையும் ரியூசனால் நிரப்பி, சிநேகிதம் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோரை நம்மிடையே நிறையவே காண்கிறேன். சனிக்கிழமைக் கணித வகுப்பை நான் நிறுத்திவிட்டேன். புள்ளி குறையாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். குறைந்தால் அடுத்த பருவத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்றே அவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.