இரவு 2 மணிக்கு எழுதிய இலக்குகள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நான்காம் மாதத்தில், என் வருங்காலம் முழுவதையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். குரூப் 2 தேர்வு, பாதியில் விட்ட முதுகலைப் படிப்பு, இந்தி, தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டம், உப்பை அறவே நிறுத்தி எடையைக் குறைப்பது என மொத்தம் 23 இலக்குகள். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது பெருமையோடு அதை நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை எத்தனை மணிக்கு எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார். இரவு 2 மணிக்கு. கடைசிப் பக்கங்களில் எழுத்து கோட்டை விட்டு மேலேறி, ஓரங்களிலெல்லாம் அம்புக்குறிகள் பாய்ந்திருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

எனக்கு இருப்பது பைபோலார் எனப்படும் இருமுனைப் பிறழ்வு: மனம் சில காலம் சோர்விலும் சில காலம் கட்டுக்கடங்காத எழுச்சியிலும் மாறி மாறிச் சிக்கும் நோய். மனச்சோர்விலிருந்து மீண்டு வரும் ஒருவருக்குத் திட்டம் போடத் தோன்றுவதே நல்ல அறிகுறியாக இருக்கலாம். என் போன்றவர்களுக்கோ, தூக்கம் குறைந்து திட்டங்கள் பெருகுவது அடுத்த எழுச்சிநிலை, அதாவது பித்துநிலை, வாசல்வரை வந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. "இப்பத்தான் பிள்ளை பழையபடி சுறுசுறுப்பா இருக்கான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி மகிழ்ந்ததும் அதே வாரத்தில்தான்.

பட்டியலில் மருத்துவர் அடித்தது ஒன்றைத்தான்: உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் பித்துநிலையைத் தணிக்கும் என்று எழுதிய லித்தியத்தைத்தான் நானும் சாப்பிடுகிறேன் (அதுவும் ஓர் உப்புதான் என்பது வேறு கதை). உணவில் உப்பைத் திடீரென்று குறைத்தால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய மருந்து, அதற்குச் சற்று மேலே போனாலே நஞ்சாகத் தொடங்கும். உடம்புக்கு நல்லதென்று நான் எழுதிய இலக்குதான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாக இருந்தது.

மற்ற 22 இலக்குகளையும் அவர் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுந்திருக்கவே மனம் வராத நாளிலும் செய்யக்கூடிய அளவுக்கு அதற்கு ஒரு கீழ் வரம்பும், உற்சாகம் தலைக்கேறிய நாளிலும் தாண்டக்கூடாத ஒரு மேல் வரம்பும் வைக்கச் சொன்னார். ஓட்டம் நடையாயிற்று: குறைந்தது தெருமுனை டீக்கடை வரை, மிஞ்சினால் குளத்தை ஒரு சுற்று. டீக்கடை வரை போவது, பல் துலக்காத நாள்களில்கூட, எப்படியோ நடந்துவிடுகிறது. ஒரு சுற்று முடிந்து கால்கள் இன்னும் துறுதுறுக்கும்போது படித்துறையில் நின்று வீட்டுப் பக்கம் திரும்புவதற்குத்தான் உண்மையிலேயே பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது.

இரவு 9 மணிக்கு மாத்திரை, 10 மணிக்கு விளக்கை அணைப்பது என்பது இரண்டாவது இலக்கு. மூன்றாவதாக எதையேனும் எழுதத் தோன்றினால், மறுநாள் காலை 10 மணிக்குப் பிறகே நோட்டைத் திறக்கவேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். பெரும்பாலான யோசனைகள் விடிவதற்குள் கலைந்துபோகின்றன. முதுகலைப் படிப்பு மட்டும் காலையிலும் நினைவில் நிற்கிறது.