நோவ்கோரட் சோஃபியா ஐகான், முகம் வரைக்கும் வந்தாச்சு

முட்டை டெம்பரால, அதாவது மஞ்சக்கருவுல கலர்த்தூள் குழைச்ச பெயிண்ட்ல, வரைஞ்சிட்டிருக்கற சோஃபியா ஐகான் (கிழக்குக் கிறிஸ்தவ மரபுல மரப்பலகைல வரையற புனிதப் படம்) ஒரு வழியா முகத்துக்கு வந்துடுச்சு. ரஷ்யால நோவ்கோரட்ல 1045லேர்ந்து 1050க்குள்ள கட்டின புனித சோஃபியா பேராலயம் இருக்குல்ல, அந்த ஊர் பேர்லயே ஒரு ஐகான் வகை இருக்கு. நடுவுல சிம்மாசனம், அதுல கிரீடம் செங்கோல் ராஜ உடுப்போட ரெக்கை வச்ச ஒரு உருவம், முகம் கை ரெக்கை எல்லாமே நெருப்புச் சிவப்பு. அதுதான் கடவுளோட ஞானம், சோஃபியான்னா கிரேக்கத்துல ஞானம்னு அர்த்தம். பைபிள்ல நீதிமொழிகள் 9ல ஞானம் ஒரு பொண்ணா வந்து வீடு கட்டி ஏழு தூண் செதுக்கி, வேலைக்காரிகளை அனுப்பி ஊரையே விருந்துக்குக் கூப்பிடுறாளே, அவளேதான். சிம்மாசனத்துக்குக் கீழ ஏழு தூண் நிக்கறதும் அதனாலதான்.

பலகை வேலை போரான வேலை, ஆனா தப்பிக்க முடியாது. வஜ்ஜிரத்தை (மிருகத் தோல் பசை) ஊறவச்சு சுடுதண்ணிக்குள்ள பாத்திரம் வச்சு கரைக்கணும், கொதிக்க விட்டா பிடிப்பு போயிடும். துணி ஒட்டி, மேல சாக் பவுடர் கலந்து மெலிசு மெலிசா பூசி உப்புத்தாள் போட்டு தேய்ச்சா தந்தம் மாதிரி வழவழன்னு வரும்.

மஞ்சக்கரு மேட்டர்தான் எனக்குப் பிடிச்சது. வெள்ளைக்கரு ஈரம் போற வரைக்கும் உள்ளங்கைல மாத்தி மாத்தி உருட்டி, மேல் தோலை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு கீழ ஊசியால குத்தினா உள்ள இருக்கறது மட்டும் கிண்ணத்துல வழியும், வெறும் தோல் விரல்லயே தொங்கும். கொஞ்சம் தண்ணி, சொட்டு வினிகர், அவ்ளோதான்.

வழக்கமா ஐகான்ல முகத்துக்கு முதல்ல கரும்பச்சை பூசி மேல மேல வெளிச்சம் ஏத்துவாங்க. இங்க அடியிலயே செங்காவி போட்டேன். பழைய ஆளுங்க சாதிலிங்கம்னு ஒரு சிவப்புத் தூள் போடுவாங்க, அதுல பாதரசம் இருக்கு, வேண்டாம்னு காட்மியம் ரெட். அதுவும் ஒண்ணும் சாதுவான சரக்கு இல்ல, தூளைக் குழைக்கும்போது மாஸ்க் போட்டுக்கங்க.

இப்ப வாதத்துக்கு வரேன். 1 கொரிந்தியர் 1:24 கிறிஸ்துவைத்தான் கடவுளோட ஞானம்னு சொல்லுது, அதனால நடுவுல இருக்கறதும் அவர்தான்னு ஒரு விளக்கம் உண்டு. ஆனா இடங்களை அளந்து கோடு போடும்போது பாருங்க, அந்த ஞான உருவத்தோட தலைக்கு மேலயே கிறிஸ்து இருக்கார், பக்கத்துல நிக்கற மரியா கைல வட்டத்துக்குள்ள குழந்தையாவும் இருக்கார், மூணாவது தடவை எதுக்கு? மரியாவும் தனியா நிக்கறதால நடுவுல இருக்கறது மரியாவும் இல்ல. என்னைக் கேட்டா வரைஞ்சவங்க அவளைத் தனி ஆளாத்தான் நினைச்சிருக்காங்க. இதையே செர்கேய் புல்ககோவ்னு ஒரு ரஷ்ய இறையியலாளர் தத்துவமா எழுதப் போய் 1935ல மாஸ்கோ திருச்சபை அவர் போதனையைக் கண்டிச்சது, அதனால நானும் கொஞ்சம் அடக்கியே வாசிக்கறேன் 😄

கண்ணுக்கு மை, உதட்டுக்குக் கலர்னு அழகுபடுத்தற ஆசை வந்துச்சு, போடல. மூலத்துல அந்த முகம் ரொம்ப விறைப்பா நேரா பாக்கும், அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்து பின்னால இருக்கற நீல வட்டத்துல நட்சத்திரம், அப்புறம் ஸ்லாவிய எழுத்துல பேர் எழுதணும், பேர் இல்லாம ஐகான் முடிஞ்சதா கணக்கில்ல. ஆளிவிதை எண்ணெய் பூச்சு பெயிண்ட் நல்லா இறுகின பிறகுதான்.